பிள்ளையின் நாவில் பெற்றோரின் உயிரா?

சனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக அறிவிக்கும் சட்டத்தை ஒன்ராறியோ சட்டமன்றம் 2014ஆம் ஆண்டு இயற்றியது. கனடிய நாடாளுமன்றப் பொதுச்சபை 2016ஆம் ஆண்டு அதே மதிப்பை நாடு முழுவதற்கும் விரித்தது. அன்று தொட்டு ஆண்டுதோறும் ரொறன்ரோவின் மண்டபங்களில் பொங்கல் பானை பொங்குகிறது. அரசியல்வாதிகள் வேட்டியும் சேலையும் உடுத்து வந்து மேடையேறி ‘வணக்கம்’ சொல்லிச் செல்கின்றனர். தமிழுக்குக் கனடாவில் உரிய இடம் கிடைத்துவிட்டது என்று கைதட்டல் எழுகிறது.

ஆனால் அதே மண்டபத்திலிருந்து சில நிமிடத் தொலைவில் ஒரு மருத்துவமனை இருக்கிறது. அதன் அவசர சிகிச்சைப் பிரிவில் நெஞ்சைப் பிடித்தபடி கிடக்கும் மூதாட்டியின் படுக்கையருகே தமிழுக்கு இடம் இல்லை. அங்கே நிற்பது 12 வயதுப் பேத்தி. பள்ளிக்கூடப் பையையும் இறக்கி வைக்காமல், மருத்துவரின் ஆங்கிலத்தைத் தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழிலும், பாட்டியின் யாழ்ப்பாணத் தமிழைத் தனக்குத் தெரிந்த ஏழாம் வகுப்பு ஆங்கிலத்திலும் மாற்றிக்கொண்டு நிற்கிறாள். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிராம்ப்டனிலும் நாள்தோறும் நடப்பது இது. 1983ஆம் ஆண்டின் இனப்படுகொலைக்குப் பின்னர் தொடங்கிய பெரும் புலப்பெயர்வுக்கு நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் இது நடக்கிறது. மருத்துவமனை இதனை வசதி என்று கருதுகிறது. குடும்பம் இதனைப் பெருமை என்று கருதுகிறது. உண்மையில் இது இருவரும் சேர்ந்து இழைக்கும் அநீதி.

மருத்துவமனைக்குச் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை பல. வருகை நேரம், வாகனத் தரிப்பிடக் கட்டணம், சைவ உணவு கேட்கும் முறை என்பன எல்லாம் பயனுள்ளவையே. ஆயினும் அவை அனைத்திற்கும் முன்னால் அறியவேண்டியது ஒன்று உண்டு: நோயாளியின் உடலைப் பற்றிய பேச்சு, நோயாளிக்கு விளங்கும் மொழியில், அதற்கெனப் பயிற்றப்பட்ட ஒருவரின் வாயிலாக நடைபெற வேண்டும். அதைக் கேட்டுப் பெறாத வரையில் மற்றைய அறிவுரைகளால் பெரிய பயன் விளையாது.

ஒரு சொல்லின் விலை

1980ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஸ்பானிய மொழி பேசும் குடும்பத்தைச் சேர்ந்த 18 வயது இளைஞர் ஒருவர் நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். உண்ட ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்னும் பொருளில் குடும்பத்தினர் ‘இன்டாக்சிகாடோ’ என்ற சொல்லைச் சொன்னார்கள். போதைப்பொருளால் மயங்கியவர் என்று அங்கே அது பொருள் கொள்ளப்பட்டது. தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் எவரும் அழைக்கப்படவில்லை. இரு தரப்பும் ஒருவரையொருவர் விளங்கிக்கொண்டதாகவே நம்பின. அவருடைய மூளையில் ஏற்பட்டிருந்த குருதிக்கசிவு உரிய வேளையில் கண்டறியப்படவில்லை. கை கால்கள் நான்கும் செயலிழந்தன. வழக்கு ஏறத்தாழ 71 மில்லியன் டொலர் இழப்பீட்டு இணக்கத்தில் முடிந்தது. மருத்துவ மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசுவோர் இன்றுவரை சுட்டிக்காட்டும் நிகழ்வு இது.

இது அரிதாக நடந்த ஒரு விபத்து என்று ஒதுக்கிவிட முடியாது. 2003ஆம் ஆண்டு ‘பீடியாட்ரிக்ஸ்’ என்னும் மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்று, மொழிபெயர்ப்பின் துணையுடன் நடந்த 13 மருத்துவச் சந்திப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தது. ஒவ்வொரு சந்திப்பிலும் சராசரியாக 31 பிழைகள் காணப்பட்டன. அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை விடுபடல்கள். அதாவது சொல்லப்பட்டது மறுபக்கம் போய்ச் சேரவே இல்லை. மருத்துவமனை மொழிபெயர்ப்பாளரின் பிழைகளில் 53 வீதம் நோயாளியைப் பாதிக்கக்கூடியவையாக இருந்தன. அந்த நேரத்துக்குக் கிடைத்தவரைக் கொண்டு செய்த மொழிபெயர்ப்பில் அது 77 வீதம். தொழில்முறையாளரும் பிழை விடுவர். ஆனால் பயிற்சியில்லாதவர் விடும் பிழை கூடுதலான ஆபத்தைத் தருகிறது.

தமிழில் இந்த ஆபத்து இன்னும் நுண்மையானது. ஈழத்து முதியவர் ‘எனக்குக் கடும் வருத்தம்’ என்றால் நோய் கடுமை என்று பொருள். தமிழ்நாட்டுத் தமிழ் மட்டும் அறிந்த ஒருவர் அதனைக் கடுமையான துயரம் என்று மொழிபெயர்க்கக்கூடும். ‘சத்தி வருகுது’ என்றால் யாழ்ப்பாணத்தில் வாந்தி. வேறோர் ஊர்க்காரருக்கு அது வலிமையாக ஒலிக்கும். ‘மயக்கம்’ என்னும் ஒரே சொல் தலைச்சுற்றையும் குறிக்கும், நினைவிழப்பையும் குறிக்கும். ‘விறைப்பு’ என்பது உணர்வற்றுப் போதலா, தசை இறுகிப் போதலா? பக்கவாதம் வந்த ஒருவரின் முன்னே நிற்கும் மருத்துவருக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது. ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்த 12 வயதுப் பிள்ளைக்கு இது எங்ஙனம் தெரியும்? பல மொழிகளுக்குச் சேவை தரும் தொலைபேசி நிறுவனத்தில் அமர்ந்திருக்கும், ஈழத் தமிழைக் கேட்டறியாத ஒருவருக்குத்தான் எங்ஙனம் தெரியும்? ஆகவே மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும்பொழுது இலங்கைத் தமிழ் அறிந்தவரைக் கேட்பதும் நோயாளியின் நியாயமான கோரிக்கையே ஆகும்.

‘ஓம்’ என்பது ஒப்புதல் அல்ல

தமிழ் முதியவர்களிடம் ஒரு பண்பு உண்டு. மருத்துவர் பேசும்பொழுது இடையிடையே தலையசைத்து ‘ஓம், ஓம்’ என்பார்கள். அது கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கான அடையாளம். பெரியவர் பேசும்போது குறுக்கிடாத மரியாதை. விளங்கிவிட்டது என்றோ, சம்மதம் என்றோ அதற்குப் பொருள் இல்லை. அவசரத்தில் இருக்கும் மருத்துவரோ அதனைச் சம்மதமாக எழுதிக்கொண்டு அடுத்த படுக்கைக்குச் செல்கிறார்.

ஒன்ராறியோவின் சட்டம் இதனை ஏற்பதில்லை. 1996ஆம் ஆண்டின் மருத்துவப் பராமரிப்பு ஒப்புதல் சட்டத்தின்படி, ஒப்புதல் என்பது விளங்கிக் கொடுக்கப்பட வேண்டும், விரும்பிக் கொடுக்கப்பட வேண்டும், குறித்த சிகிச்சைக்கென்றே கொடுக்கப்பட வேண்டும். சிகிச்சையின் தன்மை, அதனால் எதிர்பார்க்கும் நன்மை, முக்கியமான ஆபத்துகள், முக்கியமான பக்கவிளைவுகள், வேறு வழிகள், சிகிச்சை பெறாவிட்டால் நேரக்கூடியது ஆகிய ஆறும் நோயாளிக்குச் சொல்லப்பட வேண்டும். நோயாளி கேட்கும் கேள்விகளுக்கு விடையும் தரப்பட வேண்டும். தமிழ் மட்டும் அறிந்த ஒருவருக்கு இந்த ஆறையும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கையொப்பம் வாங்கினால், கையில் இருப்பது ஒரு தாள் மட்டுமே. அது ஒப்புதல் ஆகாது.

இச்சட்டம் மொழித்தடையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது என்பது பலர் அறியாதது. அவசர நிலையில், மொழித்தடை காரணமாகப் பேச இயலாத நோயாளிக்கு ஒப்புதல் இன்றியும் சிகிச்சை அளிக்கலாம். ஆனால் பேச்சை இயலச்செய்யும் நடைமுறை வழியைத் தேடி, அச்சூழ்நிலைக்கு ஏற்ற முயற்சிகள் முன்னர் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறு தேடியும் வழி கிடைக்காதிருக்க வேண்டும். தாமதித்தால் நோயாளி கடும் தீங்குக்கோ நீடித்த வேதனைக்கோ உள்ளாவார் என்ற நிலை இருக்க வேண்டும். உயிர் ஊசலாடும் வேளையிலேயே மொழிவழியைத் தேடுமாறு சட்டம் சொல்லுமாயின், நாட்குறித்துச் செய்யும் சத்திரசிகிச்சைக்கு முன்னர் ஒரு மொழிபெயர்ப்பாளரை அழைக்க மருத்துவமனைக்கு நேரமில்லை என்பது எந்த வகையில் நியாயம்?

பிள்ளை சுமக்கக் கூடாத சுமை

ஒப்புதல் அளிக்கும் ஆற்றலை நோயாளி இழந்துவிட்டால், அவருக்காக முடிவெடுப்பவர் யார் என்பதையும் அதே சட்டம் வரிசைப்படுத்துகிறது. அப்படி முடிவெடுப்பவர், நோயாளியின் பெற்றோராக இருந்தாலன்றி, 16 வயதுக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். தாய்க்காக முடிவெடுக்கத் தகுதியில்லாதவர் என்று சட்டம் கூறும் அதே சிறுபிள்ளையிடம், அந்த முடிவுக்கு அடிப்படையான தகவல் முழுவதையும் சுமந்து செல்லும் வேலையைக் கொடுப்பது எத்தகைய முரண்! அமெரிக்க நடுவண் அரசு, 2010ஆம் ஆண்டின் மருத்துவக் காப்புச் சட்டத்தின் கீழ் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட விதிகளில், உயிராபத்தான அவசரநிலை தவிர்ந்த வேளைகளில் சிறுவர்களை மொழிபெயர்ப்பாளர்களாகப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதி வைத்தது. ஒன்ராறியோவின் ஒப்புதல் சட்டத்தில் அவ்வாறான தடை எதுவும் எழுதப்படவில்லை. பன்மைப் பண்பாட்டைப் பறைசாற்றும் மாகாணத்துக்கு இது அழகல்ல.

சட்டத்தை விட்டுவிட்டு மனச்சாட்சியிடம் கேட்டாலும் விடை ஒன்றே. தாய்க்குப் புற்றுநோய் என்ற செய்தியை முதன்முதலில் கேட்பவன் மகன். அதைத் தாயிடம் சொல்ல வேண்டியவனும் அவனே. அழுவதற்கு அவனுக்கு நேரம் கொடுக்கப்படுவதில்லை. கருச்சிதைவு பற்றி, மாதவிடாய் பற்றி, சிறுநீர்ப்பாதை பற்றித் தாய் தன் மகனின் வாயால் பேச வேண்டியிருக்கிறது. வெட்கத்தால் பாதியை விழுங்கிவிடுகிறாள். கணவனின் அடியால் கை முறிந்த பெண்ணுக்கு அதே கணவனே மொழிபெயர்ப்பாளனாக நின்றால், படியில் விழுந்த கதைதான் மருத்துவக் கோப்பில் ஏறும். வன்னியில் குடும்பத்தை இழந்த ஒருவர், தடுப்பு முகாமில் வதைபட்ட ஒருவர், தம் இரவுகளைப் பற்றி மனநல மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதைத் தன் மகளின் வாயால் சொல்லத் துணியும் தந்தை எத்தனை பேர்? அவர் ‘நித்திரை வருவதில்லை’ என்று மட்டும் சொல்வார். நித்திரைக் குளிகையோடு திரும்பி வருவார்.

கதவு அடைக்கப்பட்டபொழுது

‘எந்த நேரமும் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிறார்கள், பிறகு எதற்கு வேறொருவர்?’ என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு ரொறன்ரோவின் அண்மைக்கால வரலாறே விடை சொல்லும்.

2003ஆம் ஆண்டு மார்ச் மாதம் சார்ஸ் நோய் இந்நகரில் பரவத் தொடங்கியது, இன்று பேர்ச்மவுண்ட் மருத்துவமனை என்று அழைக்கப்படும் அன்றைய ஸ்காபரோ கிரேஸ் மருத்துவமனையிலிருந்து. தமிழர் செறிந்து வாழும் பகுதியின் மருத்துவமனை அது. கனடாவில் 44 பேரைப் பலிகொண்ட அந்நோயின்போது மருத்துவமனைக் கதவுகள் பார்வையாளர்களுக்கு அடைக்கப்பட்டன. 2020ஆம் ஆண்டு கொரோனா வந்தபொழுது அதே கதை இன்னும் பெரிதாக, இன்னும் நீண்ட காலத்துக்கு நடந்தது. முதியவர்கள் தனியே உள்ளே சென்றார்கள், முகக்கவசத்தின் பின்னாலிருந்து வந்த ஆங்கிலத்தைக் கேட்டார்கள், உதட்டசைவும் தெரியவில்லை. குடும்பத்தை மொழிபெயர்ப்பாளராக நம்பியிருந்த ஏற்பாடு, மிகத் தேவைப்பட்ட நாளில் வாசலிலேயே நின்றுபோயிற்று. நள்ளிரவு 3 மணிக்கும் இதே நிலைதான். பிள்ளை வேலைக்கோ பரீட்சைக்கோ சென்ற பகலிலும் இதே நிலைதான். வருகை நேரத்துக்குக் கட்டுப்பட்டிருக்கும் மொழி, நோயாளியின் மொழியாக இருக்க முடியாது.

மருத்துவமனைகள் தட்டிக்கழிக்கும் கடன்

செலவு அதிகம், நேரம் இல்லை என்பன மருத்துவமனைகளின் வழக்கமான மறுமொழிகள். பிரித்தானியக் கொலம்பியாவின் அரசும் ஒரு காலத்தில் இவ்வாறே சொன்னது. செவிப்புலன் அற்றோர் மருத்துவமனையில் சைகைமொழி பெயர்ப்பாளர் கேட்டபொழுது பணமில்லை என்று மறுக்கப்பட்டது. அவர்களுள் ஒருவர், மொழிபெயர்ப்பாளர் எவரும் இன்றி இரட்டைக் குழந்தைகளைக் குறைமாதத்தில் பெற்றெடுத்த தாய். எல்ட்ரிட்ஜ் வழக்கு என்று அறியப்படும் அவ்வழக்கில் 1997ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் கனடிய உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நோயாளியும் மருத்துவரும் பேசி விளங்கிக்கொள்வது மருத்துவச் சேவைக்கு வெளியே நிற்கும் உபரி வசதி அல்ல, அது சேவையின் பிரிக்கவொண்ணாத பகுதி என்பதே அதன் சாரம்.

அத்தீர்ப்பு செவிப்புலன் குறைபாட்டைப் பற்றியது; பேச்சு மொழிகளுக்கு அது நேரடியாகப் பொருந்தாது என்பது உண்மையே. பிரெஞ்சு மொழிக்கு 1986ஆம் ஆண்டின் ஒன்ராறியோ பிரெஞ்சு மொழிச் சேவைகள் சட்டம் துணைநிற்கிறது. தமிழுக்கு அத்தகைய சட்டம் இல்லை என்பதும் உண்மையே. ஆனால் அத்தீர்ப்பின் தருக்கம் மொழிக்கு மொழி மாறுவதா? விளங்காத நோயாளிக்கு அளிக்கும் சிகிச்சை குறைபட்ட சிகிச்சை என்றால், காது கேளாமையால் விளங்காவிட்டால் என்ன, ஆங்கிலம் அறியாமையால் விளங்காவிட்டால் என்ன?

வழியும் இல்லாமல் இல்லை. 2012ஆம் ஆண்டு ரொறன்ரோ மத்திய பகுதியின் மருத்துவமனைகள் பல ஒன்றுசேர்ந்து, தொலைபேசி வழியாக எந்நேரமும் மொழிபெயர்ப்புப் பெறும் ஏற்பாட்டைத் தொடங்கின. கூட்டாக வாங்கினால் செலவு குறையும் என்பதை அது காட்டியது. ஆகவே தொழில்நுட்பம் இல்லை என்பது காரணமாக முடியாது. கைத்தொலைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலி போதுமே என்று இப்பொழுது சிலர் சொல்லத் தொடங்கியுள்ளனர். தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதற்கு அது போதும். எழுத்துத் தமிழில் பழக்கப்பட்ட இயந்திரத்திடம், வலியில் முனகும் வடமராட்சி முதியவரின் பேச்சை ஒப்படைத்து அதன் பேரில் வயிற்றைக் கீறுவதற்கு அது போதாது.

குடும்பங்களின் குற்றம்

மருத்துவமனையை மட்டும் குற்றஞ்சாட்டி விலகுவது நேர்மையாகாது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று தாதி கேட்கும்பொழுது, ‘வேண்டாம், பிள்ளைக்கு நல்ல இங்கிலிஷ் தெரியும்’ என்று பெருமையோடு மறுப்பவர்கள் தமிழ்ப் பெற்றோரே. வீட்டு விடயம் வெளியாருக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சம் அதன் பின்னால் உண்டு. தமிழ் மொழிபெயர்ப்பாளர் என்றால் அவர் எந்த ஊர், யாருடைய உறவு என்ற கேள்வியும் எழுகிறது. அந்த அச்சத்தை எள்ளி நகையாட வேண்டியதில்லை. ஆனால் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் இரகசியம் காக்கக் கட்டுப்பட்டவர். கோயில் வாசலில் கேள்விப்பட்டதைப் பரப்பும் உறவினர் எதற்கும் கட்டுப்பட்டவர் அல்லர். தொலைபேசி வழி வருபவர் முகத்தையும் பார்ப்பதில்லை. நோயாளியின் பெயரைச் சொல்லாமலும் பேச முடியும்.

மற்றொன்று மறைப்பு. ‘அம்மாவுக்குப் புற்றுநோய் என்று சொல்ல வேண்டாம், தாங்கமாட்டா’ என்று மருத்துவரிடம் கேட்கும் பிள்ளைகள் பலர். அன்பினால்தான் கேட்கிறார்கள். ஆனால் முடிவெடுக்கும் ஆற்றலுள்ள நோயாளியின் சிகிச்சைக்கு ஒப்புதல் தரவேண்டியவர் அந்த நோயாளியே. தன்னைப் பற்றி எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதைச் சொல்ல வேண்டியவரும் அவரே. போரையும் இடப்பெயர்வையும் தாங்கிய ஒரு தாய், தன் உடலைப் பற்றிய உண்மையைத் தாங்கமாட்டாள் என்று முடிவுகட்டுபவர் யார்? மொழிபெயர்ப்பாளராக நிற்கும் பிள்ளை ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால் போதும். தாயின் இறுதி மாதங்கள் பற்றிய முடிவு அவளிடமிருந்து பறிக்கப்பட்டுவிடும்.

மூன்றாவது, ஆங்கிலம் தெரிந்தவரே முடிவெடுப்பவர் என்ற மயக்கம். தந்தை நினைவிழந்து கிடந்தால் ஆங்கிலம் பேசும் மூத்த மகன் முன்னால் வருகிறான். தாய் பின்னால் நிற்கிறாள். ஆனால் நீதிமன்றம் நியமித்த காப்பாளரோ, அற்றோணித் தத்துவம் பெற்றவரோ, ஒப்புதல் மற்றும் ஆற்றல் வாரியம் நியமித்தவரோ இல்லாவிடத்து, சட்டத்தின் வரிசையில் முதலில் வருபவர் வாழ்க்கைத்துணை. அவருக்குப் பின்னரே பிள்ளைகள். ஆங்கிலம் தெரியாமை தாயின் உரிமையைக் குறைப்பதில்லை. பிள்ளைகள் அனைவரும் சம நிலையினர். அவர்கள் தமக்குள் உடன்படாவிட்டால் முடிவு அரசின் பொதுக் காப்பாளர் அலுவலகத்திடம் செல்லும்.

இந்த உரிமை எவ்வளவு வலிமையானது என்பதை ரசூலி வழக்கு காட்டியது. ஈரானிலிருந்து 2010ஆம் ஆண்டு ரொறன்ரோவுக்கு வந்த அவர், அதே ஆண்டு சன்னிபுரூக் மருத்துவமனையில் மூளைக்கட்டிச் சத்திரசிகிச்சைக்குப் பின்னர் ஏற்பட்ட தொற்றால் நினைவிழந்தார். உயிர்காப்புக் கருவியை அகற்ற மருத்துவர்கள் எண்ணினர், மனைவி மறுத்தார். கருவியை அகற்றுவதும் சட்டத்தின் கண்ணில் சிகிச்சையே, அதற்கும் ஒப்புதல் தேவை, உடன்பாடு இல்லாவிடின் மருத்துவர்கள் ஒப்புதல் மற்றும் ஆற்றல் வாரியத்தையே நாட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. அந்த மனைவி தம் நாட்டில் மருத்துவராக இருந்தவர். சொல்லப்பட்டதை விளங்கிக்கொண்டதனால் எதிர்த்துக் கேட்டார். விளங்காத மனைவி என்ன செய்திருப்பார்?

குடும்பங்கள் செய்ய வேண்டியவை

அனுமதிக்கப்படும் நேரத்திலேயே ‘தமிழ் இன்ரர்பிரிற்றர்’ என்று கேட்க வேண்டும். அந்த இரு சொற்களை ஆங்கிலம் அறியாத முதியவரும் மனப்பாடம் செய்யலாம். நோயாளியின் மொழி தமிழ் என்று கோப்பில் எழுதுமாறு கேட்க வேண்டும். நோயை அறிவிக்கும்பொழுதும், ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும்பொழுதும், மருந்து மாற்றும்பொழுதும், வீட்டுக்கு அனுப்பும்பொழுதும் மொழிபெயர்ப்பாளர் இன்றிப் பேச்சை நடத்த விடக்கூடாது. பிள்ளைகள் அருகில் இருக்கட்டும். கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளாக இருக்கட்டும்.

உட்கொள்ளும் மருந்துகள் யாவற்றின் பட்டியலும் கைப்பையில் இருக்க வேண்டும். ஊரிலிருந்து வந்த சித்த, ஆயுர்வேத மருந்துகளும் அதில் அடங்கும். அத்தகைய தயாரிப்புகள் சிலவற்றில் ஈயம் போன்ற உலோகங்கள் இருப்பதாகக் கனடிய சுகாதாரத் திணைக்களம் பலமுறை எச்சரித்துள்ளது. பார்க்க வருவோர் கூட்டமாக வருவதும், இருமலோடு வருவதும், கேளாமல் உணவு ஊட்டுவதும் அன்பு ஆகாது. சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு இளநீரில் உள்ள பொட்டாசியமே ஆபத்தாகும்.

உடல்நலத்தோடு இருக்கும்பொழுதே தனிநபர் பராமரிப்புக்கான அற்றோணித் தத்துவத்தை எழுதி வைக்க வேண்டும். மாகாண சட்டமா அதிபர் திணைக்களம் அதற்கான படிவத்தை இலவசமாக வழங்குகிறது. இரு சாட்சிகள் வேண்டும். வாழ்க்கைத்துணையோ பிள்ளைகளோ சாட்சியாக முடியாது.

வீட்டுக்கு அனுப்பும் பேச்சு எழும்பொழுது மிகுந்த கவனம் தேவை. 2022ஆம் ஆண்டின் ஒன்ராறியோச் சட்டமொன்றின்படி, மருத்துவமனைச் சிகிச்சை இனித் தேவையில்லை என்று கருதப்பட்டு நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்துக்குக் காத்திருக்கும் நோயாளிக்கு, ஒப்புதல் பெற முயன்றும் கிடைக்காவிடின், தென் ஒன்ராறியோவில் 70 கிலோமீற்றர் வரையிலான தொலைவில் உள்ள இல்லத்தைத் தெரிவு செய்ய முடியும். இடம் கிடைத்து, மருத்துவமனையிலிருந்து விடுவிக்கப்பட்ட பின்னரும் போக மறுப்பவரிடம் நாளொன்றுக்கு 400 டொலர் அறவிடப்படும். தமிழே ஒலிக்காத இல்லம் ஒன்றில் தந்தையின் இறுதிக்காலம் கழியுமா என்பதை முடிவுசெய்யும் இந்தப் பேச்சை, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் தலையில் கட்டலாமா?

மறுக்கப்பட்டால் வாய்மூடித் திரும்ப வேண்டியதில்லை. ஒவ்வொரு பொது மருத்துவமனையும் நோயாளர் முறைப்பாடுகளைக் கேட்கும் ஏற்பாட்டை வைத்திருக்க வேண்டும் என்பது 2010ஆம் ஆண்டு முதல் சட்டம். அங்கும் தீர்வில்லையெனில், 2016ஆம் ஆண்டு முதல் இயங்கும் ஒன்ராறியோ நோயாளர் குறைகேள் அதிகாரியிடம் செல்லலாம். தன் மருத்துவக் கோப்பைப் பார்க்கவும் படியெடுக்கவும் நோயாளிக்கு 2004ஆம் ஆண்டின் தகவல் பாதுகாப்புச் சட்டம் உரிமை அளிக்கிறது. முறைப்பாடு செய்வது நன்றிகெட்ட செயல் அன்று. எழுதப்படாத குறை எந்தக் கணக்கிலும் ஏறாது; கணக்கில் ஏறாத தேவைக்கு எந்த அரசும் பணம் ஒதுக்காது.

கேட்க வேண்டியவர் யார்?

ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கை அமைவதற்கு 3 மில்லியன் டொலர் திரட்டும் இலக்கு 2021ஆம் ஆண்டு எட்டப்பட்டது. அது போற்றத்தக்க சாதனை. அத்தகைய ஆற்றல் வாய்ந்த சமூகம், மருத்துவ மொழிபெயர்ப்பாளர்களாகத் தமிழ் இளையோரைப் பயிற்றுவிக்க ஒரு நிதியத்தைக் காண முடியாதா? தேர்தல் காலத்தில் வாசல்தேடி வரும் வேட்பாளரிடம், சிறுவரை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் ஒரு வரியைச் சட்டத்தில் சேர்ப்பீர்களா என்று கேட்க முடியாதா? மருத்துவமனைகளுக்கென நிதி சேர்த்துக் காசோலை கையளிக்கும் அமைப்புகள், தமிழில் பேசும் உரிமையையும் அதே மேடையில் கேட்க முடியாதா?

இரு மொழியும் அறிந்த இளையோர் இந்தச் சமூகத்தின் செல்வம். அச்செல்வம் பயிற்சியும் ஊதியமும் பெற்ற தொழிலாக வளர வேண்டும். அச்சத்தோடு படுக்கையருகே நிற்கும் சிறுமியிடமிருந்து இலவசமாகப் பிடுங்கிக்கொள்ளப்படக் கூடாது. தமிழ் வாழ்க என்று மேடையில் முழங்குவது எளிது. தமிழர் ஒருவர் தன் நோயைத் தன் மொழியில் சொல்லி, தன் மொழியில் விடைபெற்று, தன் வாயால் ‘ஓம்’ அல்லது ‘இல்லை’ என்று சொல்லும் நாளில்தான் அந்த முழக்கத்துக்குப் பொருள் பிறக்கும். அதுவரை தமிழ் மரபுத் திங்கள் நாட்காட்டியில் ஒரு தாளாகவே இருக்கும்.